எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிசகு

நான் பிறந்த வீட்டில் எதுவும் உடைந்ததில்லை. வளையல் உடையாது, பெருகும். தாலிச் சரடு அறாது, அதுவும் பெருகும். விளக்கு அணையாது, மலையேறும். அரிசி தீராது, நிறையும். தறியில் நெடுக ஓடும் பாவு இழை அறுந்தால்கூட "இழை விட்டுப்போச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். அறுந்தது, ஒடிந்தது, முறிந்தது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் என் அம்மா அவர்கள் உதட்டில் ஒரு சுண்டு சுண்டுவாள். ஆகையால் எலும்பும் எங்கள் வீட்டில் ஒடிந்ததில்லை. பிசகும். அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இதை எழுத ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவது எனக்குப் பிடிக்காது, என் விஷயத்தை நான்தான் எழுதவேண்டும். தப்புகளைத் திருத்தித் தந்தது யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி உண்டு. என் மகன் தறியில் உட்காருகிறவன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நான், மகன், மருமகள், மூன்றரை வயதுப் பேத்தி. மருமகள் தாமல் கிராமத்துக்காரி, ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கிற குடும்பம். என் மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிற என் நாத்தனார்தான் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "பட்டு தொடற வீட்டுக்கு ஏர் புடிக்கிற கை எதுக்கு அண்ணி?"

மருமகளின் கை பெரிய கைதான். நடையும் அழுத்தம், குரலும் அழுத்தம். ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். புடவையைத் துவைத்துப் பிழிந்தாள் என்றால் துணி கீச்சென்று அழும்.

தை மாதத்தில் எங்கள் தெரு பஜனை மடத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்து இறங்கினார்கள். எலும்பு ஆராய்ச்சியாம். நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு எலும்பு எப்படி இருக்கிறது, அவர்கள் குழந்தைகளுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். தெருவே வரிசையில் நின்றது. குதிகாலில் ஏதோ பசையைத் தடவி, ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, பெட்டி சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டார்கள். என்னைப் பார்த்தது ஒரு ஒல்லிப் பெண். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறவள்.

"ஆயா, காலை உள்ள வைங்க."

"ஆயாவா? அம்மான்னு கூப்புடு. நான் இன்னிக்கும் பாவு பிணைக்கிறவ."

"சரிம்மா. வயசு?"

"எழுபதுன்னு போட்டுக்கோ. மேல இருக்கிறது எனக்கும் பெருமாளுக்கும் தெரிஞ்சா போதும்."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். "எப்பனா எலும்பு ஒடிஞ்சிருக்குதா?"

"எனக்கா? எங்க வம்சத்துலயே கெடையாது."

"சின்ன வயசுல எங்கனா விழுந்து…"

"பிசகியிருக்குது. பிசகாத கை யாருக்கு இருக்குது?"

அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள். பிசகுக்கு அதில் இடம் இல்லை. 'இல்லை' என்கிற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இருந்த நாத்தனார், "எங்க அண்ணி இரும்புமா, எழுதிக்கோ" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேத்தியின் குதிகால் அந்தப் பெட்டிக்குச் சின்னதாக இருந்ததால் அவளை எடுக்கவில்லை.

பேத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு என் கண். எங்கள் வீட்டில் வெள்ளை விழியில் ஒரு நீலம் ஓடும். வேட்டி வெளுக்கும்போது ஒரு சொட்டு நீலம் கூடுதலாக விழுந்துவிட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அந்தக் கண்ணைத்தான் மெச்சினார்கள். என் மகனுக்கு வந்தது, அவன் மகளுக்கு வந்தது. இது எனக்கு ஒரு பெருமை.

அந்தக் குழந்தைக்கு நடை பழகின புதிதில் வலது கால் ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்டுச் சரியானது. பொங்கலுக்கு முன்னால் கோரைப்பாயிலிருந்து எழுந்தவள் தடுக்கி விழுந்து கழுத்தெலும்பு. பாயிலிருந்து விழுந்தால் எலும்பு போகுமா என்று தெரு கேட்டது. பங்குனியில் மூன்றாவது. காலையில் நான் கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மருமகள் குழந்தைக்குப் பாவாடை மாற்றிக்கொண்டிருந்தாள். காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் குழந்தை அழுதது.

தொடை எலும்பு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்த இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இடது கையில் ஒரு பழைய முறிவு, தானாகக் கூடியிருக்கிறது. அது எப்போது நடந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு எல்லாரையும் சேர்த்து நிற்கவைத்துக் கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது அடிக்கடி எலும்பு முறிஞ்சிருக்கா? அப்பா பக்கம், அம்மா பக்கம், யாரா இருந்தாலும்."

தாமல் பக்கத்தில் யாருக்கும் இல்லை என்றாள் மருமகள். என் மகன் யோசித்து, "எனக்குச் சின்னதுல ரெண்டு தடவ பிசகியிருக்குது. ஒடிஞ்சதில்ல டாக்டர்" என்றான்.

"பிசகு கணக்குல வராது. உங்களுக்கும்மா?"

"எங்க பக்கம் யாருக்கும் கெடையாது" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. இதை நம்பினால் நம்புங்கள். அறுபது எழுபது வருடமாக ஒரு சொல்லைப் போட்டு ஒன்றை மூடிவைத்தால், மூடி மட்டும்தான் நினைவில் இருக்கும்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். கெட்ட மனுஷி இல்லை அவர். மெதுவாகத்தான் சொன்னார். "நான் யாரையும் குத்தம் சொல்லல. மூணு முறிவு, யாருக்கும் தெரியாம ஒண்ணு. இந்த வயசுக்கு இது அதிகம். குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்கு நான் தெரிவிச்சே ஆகணும். அவங்க வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல."

"இருந்தா?" என்றான் மகன்.

"விசாரணை முடியற வரைக்கும் குழந்தையை வேற எடத்துல வெச்சுப் பாத்துப்பாங்க."

மருமகள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீசர் அம்மா வருவதாகப் போன் வந்தது. நாத்தனார் அன்றைக்கே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தணித்துப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

"மாட்டக் கட்டுன கை புள்ளையத் தூக்கினா இப்டிதான் ஆவும். தாமல் கை அண்ணி அது. நான் அன்னிக்கே சொன்னேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்றால், நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டுமென்று அடித்தாள் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்கு அளவு தெரியவில்லை, பிழிகிற கை, என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன்.

நாத்தனார் போனதும் பார்த்தால் மருமகள் தறிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"அத்தே, நீங்களும் அப்டிதான் நெனைக்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதான் கேக்கறேன்."

அதோடு அவள் என்னோடு பேசுவது நின்றது. சோறு போடுவாள், தட்டை எடுப்பாள், வார்த்தை கிடையாது. குழந்தையை என்னிடம் தருவதும் நின்றது. அவள் அதைப் புரட்டிப் படுக்கவைப்பதை நான் தூர இருந்து பார்த்தேன். முதலில் பழைய நூல் புடவையை நாலாக மடித்துக் கீழே விரிப்பாள். ஒரு கை கழுத்தடியில், ஒரு கை கட்டுக்கு அடியில். மூச்சை அடக்கிக்கொண்டு இறக்குவாள். இறக்கி முடித்துத்தான் மூச்சு விடுவாள். பிழிகிற கை இப்படி இறக்குமா?

செவ்வாய்க்கிழமை, ஆபீசர் வர இரண்டு நாள் இருக்கும்போது, அந்த ஒல்லிப் பெண் வாசலில் வந்து நின்றாள். தோளில் அதே பெட்டி.

"உங்க நம்பர்தாம்மா தெருவுலயே ரொம்பக் கம்மி. மிஷின் தப்போன்னு திரும்பி எடுக்க வந்தேன்."

"மிஷின் தப்புதான்" என்றேன்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். அதே எண். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பஜனை மடத்தில் குழல் விளக்கு. இங்கே கூடத்து வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது. அவள் பார்வை என் கண்ணிலேயே நின்றது. அப்புறம் உள்ளே படுத்திருந்த குழந்தையைப் பார்த்து, எழுந்துபோய் அதன் கண்ணையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். மருமகள் சமையல் கட்டில் இருந்தாள்.

"காது சரியா கேக்குதாம்மா?"

"தறி வீட்டுல யாருக்குக் காது கேக்கும்?"

"இந்தக் கை ஏன் வளஞ்சிருக்குது?"

"அஞ்சு வயசுல கிணத்து மேடையில விழுந்தேன். பிசகிடுச்சு."

"என்ன வைத்தியம் பண்ணாங்க?"

"கட்டுப் போட்டாங்க. முட்டை வெள்ளக்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் பத்தை வெச்சு."

"எத்தினி நாளு?"

"ஒரு மண்டலம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பிசகுக்கு யாராவது மூங்கில் பத்தை வெச்சு ஒரு மண்டலம் கட்டுவாங்களாம்மா?"

கட்டுப் போடுகிற பெரியவர் ஞாபகம் வந்தது. விடிவதற்குள் முதல் பஸ்ஸில் அம்மா என்னை அழைத்துப் போவாள். "பிசகிடுச்சுங்க" என்பாள். அவர் தொட்டுப் பார்ப்பார். அம்மாவைப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் மூங்கில் பத்தையை எடுப்பார். அவர் அப்போது அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் விளங்கியது.

"மூங்கில் பத்தை வெச்சதை மட்டும் எண்ணுங்க" என்றாள் அந்தப் பெண்.

எண்ணினேன். கிணற்று மேடையில் கை. அதே கை மறுவருஷம் ஒரு முறை. குளத்துப் படியில் கால். குடம் தூக்கும்போது தோள்பட்டை. கல்யாணத்துக்கப்புறம் மணிக்கட்டு. ஆடிக்கு அம்மா வீடு போகிறேன் என்று போய் ஒரு மாதம் இருந்து கட்டு அவிழ்த்துவிட்டு வந்தேன். மகன் வயிற்றில் இருக்கும்போது இருமி இருமி விலா எலும்பு. அதற்குப் பத்தை கிடையாது, துணிக்கட்டுதான், அதையும் சேர்த்தேன். தறிக் குழியில் இறங்கும்போது பாதம். ஏழு.

"உங்க மகனுக்கு?"

"ரெண்டு."

"பத்தை வெச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் தணிந்த குரலில் சொன்னாள். எலும்புக்குள்ளேயும் இழை மாதிரி ஒன்று ஓடுகிறதாம். சிலருக்குப் பிறப்பிலேயே அந்த இழை சரியாக அமையாதாம். அப்படி இருந்தால் எலும்பு சும்மா ஒடியுமாம். கண் நீலமாகத் தெரியுமாம். வயதானால் காதும் மந்தமாகுமாம். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருமாம். ஒருத்தருக்கு லேசாக, ஒருத்தருக்குக் கடுமையாக. "நான் டாக்டர் இல்லம்மா, படிச்சிக்கினு இருக்கிறவ. எனக்குத் தோணுது, அவ்ளோதான். ஆனா நீங்க இதைச் சொன்னாதான் அவங்க அந்தப் பக்கம் பாப்பாங்க."

தாளை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"எழுதாத."

"நீங்க சரின்னு சொல்லாம நான் எழுத மாட்டேம்மா. ஆராய்ச்சியில அதுதான் விதி." தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, உள்ளே குழந்தை இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

என்னை அப்படிச் சொல்லவைத்தது எது என்று சொல்லிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். நெசவு வீட்டில் மருமகளின் கைதான் முக்கியம். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒன்றொன்றாக முறுக்கிப் பிணைக்கவேண்டும். "கை ஏன் வளைஞ்சிருக்குது?" என்றார். "சின்னதுல பிசகினது" என்றாள் என் அம்மா, பெருமாள் கோயில் இருக்கிற திக்கைக் கைகாட்டி. அப்போது மாமியார் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பெண்தான் என் நாத்தனார். இன்றைக்கு நான் உண்மையைச் சொன்னால் அந்த வீட்டுக்குள் நான் பொய்யோடு நுழைந்தவள். என் அம்மா கோயிலைக் காட்டிப் பொய் சொன்னவள். போகட்டும், அதையாவது தாங்கலாம். இத்தனை நாள் என் கண், என் கண் என்று மெச்சிக்கொண்டிருந்தேனே, அதோடு சேர்த்து எதைக் கொடுத்திருக்கிறேன்? அந்தக் குழந்தையின் காலை ஒடித்தது தாமல் கை இல்லை. அதை நினைக்கத்தான் முடியவில்லை.

புதன்கிழமை டாக்டரம்மாவிடம் போகலாம் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கோயில் கோபுரம் வரை நடந்தேன். தேர் நிறுத்தும் தேர்முட்டி நிழலில் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே ஆபீசர் அம்மா வந்துவிட்டார். நடுத்தர வயது, கண்ணாடி, கையில் ஒரு பைல். மகன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். யாரும் கூப்பிடாமலே நாத்தனார் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். மருமகள் குழந்தையின் தலைமாட்டில்.

கேள்வி ஒன்றும் கோபமாக இல்லை. எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள், யார் குளிப்பாட்டுவது, அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள். மருமகள் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். ஏரிக்கரைக் குரல் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே கையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது.

"அடிச்சிருக்கீங்களா?"

"ஒரு தடவ முதுகுல தட்டியிருக்கேன். சோத்தத் துப்பினதுக்கு."

நாத்தனார் தொண்டையைக் கனைத்தாள்.

ஆபீசர் அம்மா குனிந்து குழந்தையிடம் கேட்டார். "கண்ணு, கால் எப்டி இப்டி ஆச்சு?"

"அம்மா தூக்கினாங்க. டக்குன்னு சத்தம் வந்துச்சு" என்றது குழந்தை. பிறகு, கேட்காமலேயே, "அம்மா அழுதாங்க" என்றது.

முதல் இரண்டையும் ஆபீசர் அம்மா எழுதினார். மூன்றாவதை எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பேனா நின்றது. பைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அச்சடித்த தாள். "இதுக்கு யாரும் பயப்படவேணாம். கொஞ்ச நாளைக்கு மட்டும்…" என்று ஆரம்பித்தார். மருமகளின் கை குழந்தையின் மாவுக்கட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா உட்கார்ந்தது.

"எனக்கு ஒடிஞ்சிருக்குது" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. உதட்டில் யாரோ சுண்டினதுபோல இருந்தது.

"என்னம்மா?"

"எலும்பு. எனக்கு ஏழு தடவ ஒடிஞ்சிருக்குது. இதோ இவனுக்கு ரெண்டு. நான் டாக்டர்கிட்ட இல்லன்னு சொன்னேன். அது தப்பு."

"அண்ணி, அது பிசகு தான?" என்றாள் நாத்தனார்.

"பிசகு இல்ல. ஒடிஞ்சது." ரவிக்கைக் கையை மேலே தள்ளி வளைந்த இடத்தைக் காட்டினேன். "மூங்கில் பத்தை வெச்சு ஒரு மண்டலம் கட்டினாங்க. இருமினதுக்கு விலா எலும்பு ஒடிஞ்சுது. யாரும் என்னை அடிக்கல. இந்தப் பொண்ணும் கொழந்தைய ஒடிக்கல. எங்க ரத்தம் அப்டி."

மகன் தன் தோளெலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்போ எனக்குக் கட்டினதும்?"

"உனக்கும்தான்டா."

நாத்தனார் எழுந்தாள். ஐம்பது வருடமாக என்னை நீங்க என்று சொன்னவள். "அப்போ எங்கம்மாகிட்ட பொய் சொல்லித்தான் நீ இந்த வூட்டுக்கு வந்த."

"ஆமா."

அவள் வெளியே போனாள். செருப்பைப் போடாமலே போனாள். அது சாயங்காலம் வரை வாசலில் கிடந்தது.

ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அச்சடித்த தாளை எடுத்துப் பைலுக்கு அடியில் வைத்தார். கிழிக்கவில்லை, வைத்தார். "இதை டாக்டர்தாம்மா சொல்லணும். நீங்க சொன்னா மட்டும் போதாது. உங்களையும் உங்க பையனையும் படம் எடுத்துப் பாக்கணும். இன்னிக்கு நான் எந்த முடிவும் எடுக்கல. நீங்க சொன்னதை வாக்குமூலமா வாங்கிக்கினு போறேன். சொல்லுங்க, நான் எழுதறேன். கையெழுத்து போட்டா போதும்."

"நானே எழுதறேன்" என்றேன்.

"நேரம் ஆகும்மா."

"ஆவட்டும்."

தறிப் பலகையில் தாளை வைத்தேன். என் பெயரை எழுதினேன், அது பழக்கம். அப்புறம் 'எனக்கு' என்று எழுதினேன். 'ஏழு' என்பதில் ழு சுழி சுழித்துக்கொண்டு எங்கேயோ போனது. 'தடவை'. 'எலும்பு'. அடுத்த வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சொல்லை நான் ஒரு நாளும் எழுதினவள் இல்லை. மூன்றாம் வகுப்பில் அது வந்திருக்காது, வந்திருந்தாலும் அம்மா எழுதவிட்டிருக்கமாட்டாள். மு போட்டேன். பக்கத்தில் ரி போட்டேன்.

தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. ஒன்பது நாளாகக் கேட்காத குரல், தணிவாக.

"பெரிய றி, அத்தே."

ரியை அடித்துவிட்டு றி போட்டேன். 'முறிந்தது' என்று முடித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீட்டவில்லை. டாக்டரம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை படம் எடுத்தார். நான் ஏழு என்று சொல்லியிருந்தேன், படத்தில் ஒன்பது இருந்தது. மற்ற இரண்டை நானே அறியவில்லை. மகனின் படத்திலும் இருந்தது. ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பி, பதில் வந்த பிறகு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். ஆபீசர் அம்மா போனில் கூப்பிட்டு, இனி வரமாட்டேன் என்றார். பேத்திக்கு இப்போது சில மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். ஒடியாமலே போகாது, குறையும் என்கிறார்கள். அந்த ஒல்லிப் பெண் தன் தாளில் 'இல்லை' என்கிற கோட்டை என் எதிரிலேயே அடித்து, ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனாள். நாத்தனார் தீபாவளிக்கு வரவில்லை. பலகாரம் கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பியனுப்பினாள், உள்ளே ஒன்றும் வைக்காமல்.

இதையெல்லாம் எழுதி முடித்து மருமகளிடம் கொடுத்தேன். அவள்தான் தப்பு திருத்தினவள். தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வாசித்தாள். பேனாவால் அங்கங்கே ஒரு கால், ஒரு கொம்பு போட்டுக்கொண்டே வந்தாள். நான் நாலு நாள் எழுதின அந்த வரி வந்ததும் பேனா நின்றது. பிழிகிற கை என்று நான் நினைத்ததாக எழுதியிருக்கிறேனே, அந்த வரி. அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் சரிதான் என்று இருந்தேன்.

குழந்தை உள்ளே கூப்பிட்டது. தாளை வைத்துவிட்டுப் போனாள். வெகு நேரம் கழித்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, தாளை எடுத்து அதே இடத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒரு புள்ளி வெக்க மறந்துட்டீங்க அத்தே" என்றாள். வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.